ஈவனுக்காகப் போட்ட குவியல்

விண்டன் ஊருக்குத் தெற்கே முந்நூறு பசுக்களோடு ரோனா தனியாகப் பண்ணை நடத்தத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. கணவன் ஈவன் செத்துப்போகவில்லை, கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. மாட்டுத் தீவனத்துக்காகக் குவித்துப் புளிக்கவைத்த புல்லை, பூஞ்சை பிடித்த சைலேஜை, முப்பது வருடம் வாரிப் போட்டதில் அந்தத் தூசி அவன் நுரையீரலைக் கெடுத்துவிட்டது. "இன்னும் ரெண்டு குளிர்காலம் இங்க இருந்தா, அப்புறம் ஆக்சிஜன் சிலிண்டரோடதான்" என்றார் டாக்டர். ஈவன் ஈரமே இல்லாத க்ளைடு ஊருக்குப் போய், பழத்தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

கட்டிலில் அவன் பக்கம் காலியாகத் தெரியக் கூடாதென்று துவைத்த துணிகளை ரோனா அங்கே குவித்து வைப்பாள். மடிப்பதே இல்லை.

போன வருடம் கால்நடை மருத்துவர் ஒருவர் ஒரு வழி சொன்னார். புல்லை நறுக்கும்போதே நல்ல பாக்டீரியாத் தூளைக் கரைத்துத் தெளித்தால், குவியலைத் திறந்த பிறகும் பூஞ்சை எளிதில் அண்டாது. தைம் என்ற வாசனைத் தழையைக் காயவைத்துப் போட்டால் அதுவும் அதற்குத் துணை நிற்கும் என்றார். ரோனா அன்றே ஈவனுக்குப் போன் போட்டாள்.

"உன் வீட்டுக்குப் பின்னாடி மலை பூரா தைம்தானே? அறுத்துக் காயவெச்சு அனுப்பு."

"எத்தனை மூட்டை?"

"நீ திரும்பி வர்றதுக்கு எத்தனை வேணுமோ அத்தனை."

"அப்ப மலையே மிஞ்சாது" என்றான்.

நவம்பரில் பதினெட்டு மூட்டை வந்தது. புல் நறுக்கும் இயந்திரத்தோடு வந்த முர்டோ விழுந்து விழுந்து சிரித்தான். "ஆட்டுக்கறி வறுவலுக்குப் போடுற தழை அது. மாட்டுக்கு உயிரோட இருக்கும்போதே மசாலா தடவுறியா?"

"நீ வண்டிய ஓட்டு" என்றாள் ரோனா. குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால் மழைத்தண்ணீரில்தான் தூளைக் கரைத்தாள். அடுக்குக்கு அடுக்கு தைமைத் தன் கையாலேயே தூவினாள். டிராக்டர் ஏற்றி மிதித்து, பிளாஸ்டிக் போர்த்தி, மேலே பழைய டயர்களை அடுக்கியபோது முதுகு விட்டுப்போயிற்று.

அந்தப் பக்கம் குளிர்காலமான ஜூலையில் குவியலைத் திறந்தாள். வெள்ளைப் பூஞ்சை ஒரு பொட்டுகூட இல்லை. ஆனாலும் அவசரப்படவில்லை. காற்றுப் பட்ட பிறகுதான் கெடத் தொடங்கும். பத்து நாள் காலையும் மாலையும் புல்லுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தாள். கெடும் புல் சூடேறும்; இது சூடேறவே இல்லை. பதினோராம் நாள், "வா" என்று மட்டும் போனில் சொன்னாள்.

ஈவன் முகமூடியோடு வந்தான். குவியல் முன் நின்று, மெதுவாக அதைக் கழற்றி, ஆழமாக மூச்சிழுத்தான். இருமல் வரவில்லை. "இதை நானே தின்னலாம் போலிருக்கே" என்றான். ரோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று நாள் இருந்தான். நாலாம் நாள், அவள் பார்க்காதபோது, கன்றுக்கொட்டிலில் பரப்ப வைக்கோல் தூக்கிப் போட்டான். மதியம் அவள் வந்தபோது வாசற்படியில் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். புல்லைப் பற்றியே யோசித்தவளுக்கு வைக்கோலிலும் அதே பூஞ்சைத் தூசி இருக்கும் என்பது தோன்றவேயில்லை.

டாக்டரிடம் காட்டி, மறுநாள் காலை அவளே காரில் க்ளைடுக்குக் கூட்டிப்போனாள். பாதி வழி தாண்டியிருந்தது.

"வைக்கோலுக்கும் ஏதாச்சும் தூள் இருக்கான்னு கேளேன்" என்றான் ஈவன்.

"வாய மூடு" என்றவள் அழுதுவிட்டாள். காரை ஓரமாக நிறுத்தினாள். "உன்ன அங்க கொண்டுவரணும்னே இத்தன நாளும் மல்லுக்கட்டிட்டேன். நான் க்ளைடுக்கு வரலாமேன்னு ஒருநாளும் நெனக்கல."

"மாடில்லாம நீ இருந்துடுவியா?"

"தெரியல. பக்கத்துப் பண்ணை வைரேமு பங்குக்குப் பண்ணைய எடுத்து நடத்துறேன்னு ரெண்டு தடவ கேட்டுட்டான். கன்னு போடுறது முடியட்டும், அக்டோபர்ல வந்துடறேன்."

"அப்புறம் அடுத்த வருஷம்னு சொல்லுவே."

"சொல்ல மாட்டேன்."

அன்றே அவள் திரும்பியாக வேண்டும். முதல் பசுக்கள் கன்று போட இரண்டு வாரம்தான் இருந்தது. அவன் வீட்டு வாசலில் காரின் இன்ஜினை ஓடவிட்டபடியே கண்ணாடியை இறக்கினாள். ஈவன் கதவின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றான். போய் வா என்று அவன் சொல்லவில்லை. அவளும் கியரைத் தொடவில்லை.