பொய் சொன்ன முள்

தராசு மெக்கானிக்குக்கு ஐம்பது வயதில் பிடித்த பைத்தியம் பட்டம். பிள்ளைகள் நூல் கட்டி விடுகிற பட்டம் அல்ல. ஓர் அறை அகலத்துக்கு விரிகிற துணிப் பட்டம். அதை இடுப்பில் மாட்டி, பலகைமேல் நின்று, காற்று இழுக்கிற இழுப்பில் தண்ணீரில் சறுக்க வேண்டும். கைட் சர்ஃபிங் என்று பெயர். ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில் நான்கு வருடம் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். பூமியின் அந்தப் பக்கம் ஒரு நாடு, அங்கே நான்கு மாதம் காற்று ஒரே சீராக அடிக்குமாம். அந்தக் கடலில் சறுக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. புறப்பட இன்னும் மூன்று வாரம்.

மனைவியும் போகிறாள், கரையில் உட்கார. ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த ஊர்ப் பயிற்சிப் பள்ளி அனுப்பிய படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து அவள்தான் நிரப்பினாள். அவர் ஒரு விரலால் தட்டி முடிப்பதற்குள் அங்கே காற்றே நின்றுவிடும்.

“எடை?”

“எழுபத்து நாலு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. பெல்ட்டில் ஆணி வைத்து அடித்த புது ஓட்டை இரண்டு. மூன்று மாதமாக அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், “இளைச்சிட்டீங்களே, டாக்டர்கிட்ட போவோமா?” என்று. ஒவ்வொரு முறையும் அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய் எடை மெஷினில் ஏறிக் காட்டுவார். முள் எழுபத்து நாலில் போய் நிற்கும். “உடம்பு இறுகுது, அவ்வளவுதான். முள் பொய் சொல்லுமா?” முப்பது வருடமாக ஊர்க் கடைகளின் தராசுகளைச் சரிபார்க்கிற மனிதர் இப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்?

அதே மெஷின் அவளை மட்டும் சும்மா விடவில்லை. ஐம்பத்தெட்டாக இருந்தவளை அறுபத்து நாலுக்கு ஏற்றிவிட்டது. அவள் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள், நடையாய் நடந்தாள், ஒன்றுக்கும் முள் அசைந்து கொடுக்கவில்லை. ரவிக்கை தொளதொளத்தபோதுகூட அவள் தையல்காரரைத்தான் திட்டினாள்.

எடைக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. அவள் படித்துச் சொன்னாள். “எடைய வச்சுத்தான் பட்டத்தோட அளவ முடிவு பண்ணுவாங்களாம். தப்பா சொன்னா காத்து ஆளத் தூக்கி அடிச்சிடுமாம். எடை தெரிஞ்ச பொருள் எதையாவது வச்சு, வீட்டு மெஷினைச் சோதிச்சிட்டு எழுதச் சொல்றாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் எடைக்கல்லுக்கு வருமா? முன்னறைப் பட்டறைக்குப் போய், முத்திரை போட்ட பத்து கிலோ கல் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கி வந்தாள்.

“அதெல்லாம் எதுக்கு? நீ எழுதும்மா,” என்றார் அவர். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

கற்களை மெஷினில் வைத்தாள். முள் இருபத்து நாலைத் தாண்டி நின்றது. எடுத்தாள், பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி இருபத்து நாலு. காலியாக இருக்கும்போது யோக்கியமாக இருந்துவிட்டு, பாரம் ஏறினால் மட்டும் பொய் சொல்கிறது. அப்படிச் சொல்ல வைக்கத் தெரிந்த கை இந்த வீட்டில் ஒன்றுதான்.

அவர் குளியலறை வாசலில் வந்து நின்றார்.

“இதோட ஸ்க்ரூவை எத்தனை தடவை திருகினீங்க?”

“மூணு.”

எடை இறங்க இறங்கத் திருகியிருக்கிறார். எவனாவது தராசில் கை வைத்தான் என்று தெரிந்தால் வீட்டுக்கு வந்தும் திட்டித் தீர்க்கிற மனுஷன்.

“என்னை ஏமாத்திட்டீங்க, சரி. காத்தை என்ன சொல்லி ஏமாத்துவீங்க?”

“டாக்டர்கிட்ட போனா ஏதாவது ஒரு பேரைச் சொல்லுவாரு. அது தெரிஞ்சா நீ என்னை அனுப்பமாட்ட. ஒரே ஒரு தடவை அந்தக் கடல்ல நின்னுட்டு வந்து பாத்துக்கலாம்னு நினைச்சேன்.”

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து மெஷினைக் கவிழ்த்து, இருபது கிலோவுக்கு முள் இருபதில் நிற்கும்வரை திருகினார். பிறகு ஏறினார்.

அறுபத்தொன்று.

ஐந்தாறு கிலோ குறைந்திருக்கும் என்றுதான் அவள் பயந்திருந்தாள். பதின்மூன்று.

“நீயும் ஏறு,” என்றார் இறங்கியபடி.

“எனக்கு எதுக்கு?”

“ஏறும்மா.”

ஏறினாள். ஐம்பத்து மூன்று. அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், கன்னம் ஒட்டிப் போயிருந்ததை அன்றைக்குத்தான் பார்ப்பவர்போல.

“ராத்திரி பசிக்கலைன்னு சொன்னியே. இதனாலயா?”

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள். முப்பது வருடத்தில் அவர் கை பட்ட தராசால் யாருக்கும் ஒரு கிராம் குறைந்ததில்லை. குளியலறைச் சுவரில் சாய்ந்து, ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்தபடியே அவர் அழுதார்.

அப்புறம் மேஜைக்கு வந்து அவரே உட்கார்ந்தார். ஒரு விரலால் ஆறையும் ஒன்றையும் தட்டினார். அடுத்த கேள்வி வந்தது: நோய் ஏதாவது உண்டா? விரலை எடுத்துக்கொண்டார்.

“இதுக்கு எனக்குப் பதில் தெரியாது. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்து எழுதுவோம்.”

அவள் படிவத்தை அனுப்பாமல் மூடி வைத்தாள். இரண்டு தட்டு எடுத்து வர உள்ளே போனாள்.