வில்லியத்தின் பூட்ஸ்

சாந்தோமில் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்த நாள் அது, கண்ணுகளா. பத்தொன்பது வயது மர்சலின் வெறுங்காலோடு ஓடினால் எவராலும் அவனைப் பிடிக்க முடியாது. செயலாளர் ராஜநாயகமோ, அணியின் பழைய நட்சத்திரமான வில்லியத்தின் பூட்ஸை நீட்டினார்.

"இதப் போட்டுக்கினு ஓடு. அப்பதான் அவரோட ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

பூட்ஸ் இரண்டு விரற்கடை பெரிது. மர்சலின் மூன்று முறை விழுந்தான்.

"வில்லியம் எங்க, நீ எங்க!" என்று சிரித்து, பட்டியலில் அவன் பெயரை அடித்தார் ராஜநாயகம்.

அவன் அக்கா டோரதி மைதானத்துக்குள் புகுந்து, அவன் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றி ராஜநாயகத்தின் மேசைமேல் வீசினாள்.

"வில்லியம் இன்னா, பூட்ஸோடயா பொறந்தாரு? இவன் கால்ல இவன ஓட உடுங்க மாமா!"

மர்சலின் பந்தோடு பாய்ந்தான். துரத்திய ஐவரும் மூச்சுவாங்கி நின்றார்கள். டோரதியின் கோபம் மட்டும் தணியவில்லை; பேனாவை எடுத்து ராஜநாயகத்தின் கையில் திணித்தாள்.

"அடிச்ச பேர எழுதுங்க."