பஞ்சு அடைத்த மூக்கு

"உன் குதிரைக்கு மூக்கு ஒழுகுனா உன் சட்டையில தொடை. என் புருஷன் துண்டை எதுக்குண்ணே எடுத்த?"

தங்கச்சி போட்ட சத்தத்தில் லாயத்துக்கு எதிரே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வண்டிக்கார அண்ணன் காதில் வாங்கவில்லை. வாசலில் நின்ற அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

குதிரைக்குப் பெயர் துரை. வேலைக்கு வணங்காததால் வந்த பட்டம். பத்து நாளாக அதற்கு ஒரு மூக்குத் துவாரத்தில் மஞ்சள் சளி. ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், இது கிளாண்டர்ஸ் என்கிற சுரப்பி நோய், மருந்து கிடையாது, ஊசி போட்டு முடித்துவிட நாளை வருகிறேன், அந்தச் சளி ஒரு கீறலில் பட்டாலும் மனிதனுக்குத் தொற்றும், பிழைப்பது அபூர்வம் என்று சொல்லிப் போயிருந்தார். தங்கச்சி புருஷனோ லாடம் அடிக்கிறவர். அவர் கையில் ஆணி கீறாத இடம் தேடினாலும் கிடைக்காது. அதனால்தான் ஒரு துண்டுக்கு அவ்வளவு சத்தம்.

டாக்டர் வருவதற்குள் துரையை விற்றுவிட அண்ணன் சந்தைக்காரர்களின் பழைய வித்தையைக் கையாண்டிருந்தான்: ஒழுகும் துவாரத்துக்குள் பஞ்சைத் திணித்துவிட்டால் மூக்கு சுத்தமாகத் தெரியும். வாங்க வந்த பால் வண்டிக்காரர் பல்லைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், மூக்கைத் தவிர எல்லாம் பார்த்தார். குளம்பைத் தூக்கிக் காட்ட அவள் புருஷனே வந்து குனிந்தார்.

"பஞ்சை எடுத்துட்டு வில்லுண்ணே," என்றாள் தங்கச்சி.

அண்ணனின் சாட்டை அவள் தோளில் விழுந்தது. அடுத்தது காதைக் கிழித்தது. அவள் நகரவில்லை. மூன்றாவதற்கு ஓங்கிய மணிக்கட்டில் புருஷனின் சுத்தியல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எதிர்வீடு வரை கேட்டது. அண்ணன் தலையால் முட்டினான். லாடக்காரர் அவன் முகத்திலேயே குத்த, உதடு பிளந்து, துரையின் காலடியில் மல்லாந்தான்.

மிரண்ட துரை அவன் விலாவை மிதித்து, தலையைத் தாழ்த்தி ஒரே தும்மல். பஞ்சோடு பத்து நாள் சளியும் கிழிந்த அந்த உதட்டில்.

துரை மறுநாள் ஊசியில் போனது. அண்ணன் மூன்றாம் வாரம், உடம்பெல்லாம் கட்டி உடைந்து போய்ச் சேர்ந்தான். லாடக்காரருக்குக் காய்ச்சல் வருகிறதா என்று தங்கச்சி நெற்றியைத் தொட்டுத் தொட்டே அந்த மூன்று வாரமும் தூங்கவில்லை. வரவில்லை.

அவர்கள் குதிரையே இல்லாத ஊராகப் பார்த்துப் போய்விட்டார்கள். அங்கே அவர் இரும்புக் கதவு செய்கிறார், கையுறை போட்டுக்கொண்டு. அண்ணியை அடுத்த வருஷமே பால் வண்டிக்காரர் கட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்தபோதாவது மூக்கைப் பார்த்தாரா என்பதுதான் எதிர்வீட்டில் இன்னும் தீராத பேச்சு.