விநாயகமூர்த்தி முற்கூட்டியே கேட்ட கல்வெட்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, கல்வெட்டாகத் தொடங்கியது. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் செத்தால் முப்பத்தோராம் நாள் படமும் பாட்டும் புகழுமாக ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போமே, அதுதான். கனடாவில், ஸ்காபரோவில் பாதிப் பேரை உத்தமர்களாக்கி அனுப்பிவைத்தவள் நான். (மனைவியை ஏசாமல் ஒரு நாளும் சாப்பிடாத ஒருவரை 'மென்மொழியாளர்' என்று எழுதியிருக்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும்.)

போன மாதம் டோர்செட் பார்க்கில் இருந்து விநாயகமூர்த்தி அங்கிள் கூப்பிட்டார். வயது எண்பத்து நாலு, ஆள் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார்.

"பிள்ளை, என்ர கல்வெட்டை இப்பவே எழுது. ஒரு விசயம் போடோணும். ஆனா நான் செத்தாப் பிறகுதான் அடிக்கோணும்."

2

முதல் தொடக்கம்: 'பொன் விளையும் பூமியிலே புகழோடு...' (சீ, வேண்டாம்.)

அடுத்தது: 'அன்று கிணற்றடியில் வெயில்...' (வெயில் எரித்ததா என்று எனக்கென்ன தெரியும்?)

சரி, அவர் சொன்னபடியே எழுதுகிறேன். சில சாதிக்காரர் தாங்களாகத் தண்ணீர் அள்ளக்கூடாது, யாராவது வார்த்தால்தான் என்றிருந்த காலம். பத்தொன்பது வயது விநாயகமூர்த்தி, தங்கள் கிணற்றடிக்குக் குடத்தோடு வந்த ஒரு பெண்ணைக் கண்டதும் வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவள் தன் சின்ன மகனோடு மத்தியானம் வரை நின்றாள்.

அந்த மகன்தான் கஸ்பர். இப்போது அங்கிள் இருக்கிற அதே கட்டடத்தில் நாலாம் மாடி. பதினோரு வருடமாகப் பின்னேரங்களில் கீழே லொபியில் சீட்டுக் கடதாசியில் முந்நூற்றிநாலு விளையாடும்போது விநாயகமூர்த்திக்குச் சோடி அவர்தான்.

"அவன் ஊர்ப்பேரையும் தங்கட வீடிருந்த இடத்தையும் சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. நான் பக்கத்து ஊரெண்டு பொய் சொல்லிப்போட்டன். தெரிஞ்சா எழும்பிப் போயிடுவான், பிள்ளை. அவனை விட்டா இஞ்ச எனக்கு ஆர் இருக்கினம்?"

அழுதார்.

3

அவர் மகள் அனோஜாவுக்கு எப்படியோ மணத்துவிட்டது. மார்க்கம் நகரில் இருந்து போனில் கத்தினார்.

"அக்கா, ஆர் யூ சீரியஸ்? பேரப்பிள்ளையள் வாசிக்கப் போகுதுகள். கொடைவள்ளல் எண்டு போட்டு முடியுங்கோ!"

இந்த இடத்தில் அனோஜாவை வில்லியாக்கப் பார்த்தேன். சரிவரவில்லை. கிழமை தவறாமல் தகப்பனுக்குக் கறி சமைத்துக்கொண்டு வருகிறவரை எப்படித் திட்டுவது? அதோடு ஊரைக் கொடைவள்ளல்களுக்குப் பழக்கினவளும் நான்தானே.

4

பிறகு, எழுதுகிறவள் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். யாரிடமும் கேட்காமல் வரைவைக் கொண்டுபோய்க் கஸ்பரிடம் கொடுத்தேன். (ஓம், பிழைதான். ஏசுங்கள்.)

கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"உதில ஒரு பிழை இருக்கு, பிள்ளை. மத்தியானம் வரைக்கும் இல்லை. பொழுதுபட்டுத்தான் வீட்ட போனனாங்கள்."

"அப்ப, அவர் ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். உந்த மூக்கை ஆர் மறப்பினம்?"

"பிறகேன் அங்கிள் சோடியா விளையாடுறியள்?"

"எப்ப வாயைத் திறப்பான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்." சிரித்தார். "அதோட, ஆள் நல்லா விளையாடுவான்."

பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அம்மாவின்ர பேரை நீ போடேல்லை. வேரோனிக்கா. செத்தாப் பிறகு அடிக்கிற கதை வேண்டாம். உயிரோட இருக்கேக்கை என்ர முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லு."

5

முடிவு ஒன்று: விநாயகமூர்த்தி சொல்கிறார், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (படம் பார்த்துக் கெட்டுப்போன மூளை.)

முடிவு இரண்டு: அறையை விட்டு அவர் வெளியே வரவேயில்லை. (அப்படி எழுதினால் எனக்குச் சோறு இறங்காது.)

நடந்தது இவ்வளவுதான். கஸ்பர் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். விநாயகமூர்த்தி எழும்பிச் சேவ் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"அந்த மனுசியின்ர பேர் இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது, பிள்ளை. திருப்பிச் சொல்லு."

சொன்னேன். பதினோராம் மாடியில் இருந்து லிஃப்டில் கீழே வரும்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

கதவு திறக்கிறது. கஸ்பர் தனியே இருந்து கடதாசியைக் கலைத்துக்கொண்டிருக்கிறார். விநாயகமூர்த்தி இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. எல்லாரையும் உத்தமராக்கிப் பழகிய கை இது, நம்ப முடியாது. அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதுங்கள். வேரோனிக்கா என்று தொடங்குங்கள்.