புகழுடம்பு

ஈரப் பஞ்சால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் கை சட்டென்று நின்றது. கூடத்தில் அண்ணன் போனில் யாருக்கோ எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"புகழுடம்பு எய்தினார்னு போடுங்க. ஆமா, பு, க, ழு... தேதி மட்டும் அப்புறம் சொல்றேன்."

அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குள் அப்பா கண் திறந்திருந்தார்.

"பேப்பருக்கா?"

"இல்லப்பா, அவன் ஆபீஸ் விஷயம்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து, "பயமெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லும் குரலை ஆயுசு முழுக்கக் கேட்டவர். மகளின் குரல் அவருக்குப் புரியாதா?

"புகழுடம்புன்னா என்னம்மா?"

"இந்த உடம்பு போனாலும் பேரு நிக்கும்ல, அதைத்தான் இன்னொரு உடம்புன்னு சொல்றாங்க."

"பெரிய மனுசங்களுக்குப் போடுறதாச்சே."

"இப்ப எல்லாருக்கும் போடுறாங்கப்பா."

அவர் தொண்டை கரகரத்தது. சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "இருக்கிற ஒண்ணோடயே படாத பாடு படுறேன். இதுல இன்னொண்ணு வேறயா?"

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். "மத்தியானத்துக்குள்ள குடுத்தாத்தான் நாளைக்கு வருமாம்" என்றான் அடிக்குரலில். "டாக்டரே கைய விரிச்சுட்டார். நாலு பேருக்குத் தெரிய வேணாமா? உனக்கென்ன, பக்கத்துல உக்காந்துட்டே. ஓடுறவன் நான்."

"அப்பா கேட்டுட்டார்ணே."

அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. அப்பா கண்ணை மூடியிருந்தார். விரல்கள் மட்டும் விரிப்பின் மேல் அவனை நோக்கி ஒருமுறை அசைந்தன. அவன் அறை வாசலிலேயே நின்றான். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரும் வரும் என்று இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வரவில்லை.

அவன் கையிலிருந்த போன் அடித்தது, பேப்பர் ஆபீஸிலிருந்து. அவன் எடுக்காததால் அவள் வாங்கிப் பேசினாள்.

"தேதி இன்னைக்குத்தாங்க. அந்த வார்த்தைய எடுத்துடுங்க. பேருக்குக் கீழ லிஃப்ட் மெக்கானிக்னு போட்டு, இறந்தார்னு போடுங்க."

"மொட்டையா இருக்குமேம்மா?"

"இருக்கட்டுங்க."

அண்ணன் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சட்டை மாற்றும்போது அப்பாவின் கை உள்ளே நுழைய மாட்டேன் என்றது. அவள் திணறுவதைப் பார்த்து அண்ணன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். அப்பாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டான். தலை அவன் தோளில் சரிந்தது.

"பட்டனைப் போடு" என்றான்.

அவள் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துப் பட்டனும் போட்டாயிற்று. அவன் இன்னும் அவரைப் படுக்க வைக்கவில்லை.