தோளில் நாற்பது புள்ளி

"சட்டையோடயே குளிப்பாட்டிருங்க," என்றாள் கனகம்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் முற்றத்தில் பெஞ்சு போட்டு அவள் கணவர் உலகநாதனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். சட்டையின் மேல்பொத்தானில் கைவைத்திருந்த பட்டறைக் கூட்டாளி அய்யாக்கண்ணு நிமிர்ந்தார்.

"சீயக்காயைச் சட்டைக்கா தேய்க்கிறது அண்ணி?"

சுற்றி நின்ற பட்டறை ஆட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அறுபத்தெட்டு வயதில், நண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டு, கதை சொல்லிக்கொண்டே கண்ணை மூடிய மனுஷன். அவர் சாவுக்கு அழ ஆள் பிடிப்பது கொஞ்சம் கஷ்டந்தான்.

கதை என்றால் ஒரே கதை. நிஜாம் ரயில்வேயில் அதைக் கேட்காத எஞ்சின் கிடையாது. இரண்டு எஞ்சின்கள் அலுத்துப்போய்த் தண்டவாளத்தை விட்டே இறங்கிவிட்டன என்பார்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது தோள் மூட்டு அடிக்கடி நழுவிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் செய்வதென்று தீர்மானித்த தொரை டாக்டர், தோள் நுனி எலும்புக்கு நாலு விரல்கடை கீழே ஊதா மையால் கோடு இழுத்தார். "இந்தக் கோட்டு ஓரமாத்தான் ஒரு நரம்பு எலும்பைச் சுத்தி வருது. அது அறுந்தா கையைத் தூக்க முடியாது. என் கத்தி இதைத் தாண்டாது," என்றாராம்.

உலகநாதனுக்கு அது போதவில்லை. பட்டறையில் இரும்பை அறுக்குமுன் சாக்குக் கட்டியால் கோடு போடுவார்கள். கோடு அழிந்தாலும் அளவு தப்பாமலிருக்க அதன்மேல் உளியால் வரிசையாகப் புள்ளி குத்துவார்கள். அதே மாதிரி, கண் இமைக்காமல் தோளில் நாற்பது பச்சைப் புள்ளி குத்திக்கொண்டு போய் மேஜையில் படுத்ததாக அவர் சொல்வார். அய்யாக்கண்ணு நம்பியதே இல்லை. "புளுகு மூட்டை. நீ செத்தப்புறம் நானே எண்ணிப் பாக்குறேன்டா" என்பது அவருடைய இருபது வருஷத்துப் பதில்.

"எனக்கும் காட்டுங்க மாமா. நாப்பதையும் பாத்துட்டுப் போறேன்," என்று பாய்லர் ஷாப் ஜேம்ஸ் எட்டிப் பார்த்தான்.

கனகத்தின் கையில் குடம் கனத்தது. பச்சைக்காரி வந்து குத்தியபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான். வீங்கிய வலது தோளில் ஊசி பட்டதுமே அவர் போட்ட கூச்சல் செகந்திராபாத் வரை போயிருக்கும். "நக்கோ, நக்கோ, இங்க வேணாம். இடது பக்கம் குத்தும்மா. மாதிரிக்கு ஒண்ணு இருந்தா டாக்டர் அளந்துக்குவாரு" என்றார். மூன்றாவது புள்ளியிலேயே கனகத்தின் மடியில் மயங்கி விழுந்தார். மறுநாள் அந்த மூன்று புள்ளியைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். ஆனாலும் இடது தோளில் அளந்து வலது தோளில் சரிபார்த்த பிறகுதான் கத்தியைத் தொட்டார். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் தோளின் வெளிப்புறத்தைப் பஞ்சால் வருடி, "தெரியுதா?" என்றார். "கூசுது" என்றார் உலகநாதன். கையும் தூக்க வந்தது.

இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சட்டை கழற்றாமல் காப்பாற்றிய கதை, இப்போது மூன்று பொத்தான் தூரத்தில் இருந்தது.

அய்யாக்கண்ணு அவிழ்த்தார். வலது தோளில் பூரான் மாதிரி தழும்பு மட்டும். இடது தோளைப் பார்த்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். உதடு அசைந்தது, வெகுநேரம் அசைந்தது. பிறகு நிமிர்ந்து கனகத்தைப் பார்த்தார். அவள் குடத்தைப் பார்த்தாள்.

ஈரத் துண்டை எடுத்து இரண்டு தோளையும் மூடினார்.

"நாப்பத்தொண்ணு," என்றார் சத்தமாக. "ஒண்ணு கொறச்சுத்தான் சொல்லியிருக்கான் படுபாவி."

முற்றமே சிரித்தது. கனகம் தண்ணீரை ஊற்றினாள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்த அய்யாக்கண்ணு, தொண்டை வறண்டு அடுக்களையில் டீத்தூள் டப்பாவைத் தேடினார். அது பரணை ஒட்டிய பலகையில் இருந்தது. கை தூக்க வருகிறதென்று காட்டவே தினமும் காலையில் எடுத்து, தினமும் அங்கேயே வைப்பது உலகநாதன் வழக்கம். அய்யாக்கண்ணு நுனிக்காலில் எம்பினார். நாலு விரல் தூரம் எட்டவில்லை.

"ஸ்டூல் கொண்டாரட்டுமா அண்ணி?"

"வேணாம். பக்கத்து வீட்டுல போட்டுத் தருவாங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். உலகநாதன் கடைசியாக வைத்தபடியே, டப்பாவின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அவர் என்றைக்கு அதைச் சரியாக மூடினார்?