காலிக் கட்டம்

கேக்கைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மர்சிபான் என்ற பாதாம் விழுது போர்த்திய பெரிய கேக், ஓரத்தில் குட்டி நார்வேக் கொடி, நடுவில் சிவப்புச் சர்க்கரையில் ஒரு பூஜ்யம். தலைமையாசிரியர் ஈவார் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிவைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்.

பெர்கன் பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. பள்ளியில் யாராவது உன்னைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பெயரில்லாத கேள்வித்தாளில் பிள்ளைகளிடம் கேட்போம். ஒரு வகுப்பில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை ‘ஆமாம்’ என்றால் பள்ளிக்கு அனுப்பும் அறிக்கையில் எண்ணைப் போட மாட்டோம். கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம். யார் சொன்னது என்று எவனும் மோப்பம் பிடிக்கக் கூடாதல்லவா? அந்த விதியை எழுதியவளே நான்தான். இந்த மனிதர் காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று வாசித்து, கேக்கும் வாங்கிவிட்டார்.

அதோடு விட்டாரா? ஐந்தாம் வகுப்பு ராக்னாவின் அப்பா ஔதுன் எழுந்தார். திங்கட்கிழமை வந்தாலே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள், அவளுடைய மழைச்சட்டையை இரண்டு தடவை கழிப்பறைக்குள் போட்டிருக்கிறார்கள் என்றார். ஈவார் என் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

“ஆராய்ச்சியே சொல்லுது, ஔதுன். அஞ்சாம் வகுப்புல அப்படி ஒண்ணும் இல்ல. பொண்ணுக்குக் கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி.”

ராக்னா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் தாளை வைத்தே ஒரு குழந்தையைப் பொய்க்காரி ஆக்குகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன். யாருமே இல்லையென்றால் பூஜ்யம் என்றே அச்சிட்டிருப்போம், காலி என்றால் ஆள் இருக்கிறது என்று பொருள், முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், படித்தீர்களா என்று கேட்டேன்.

“அப்ப எத்தனை பேருன்னு சொல்லிடுங்களேன், டோரில்,” என்றார் ஈவார், சாவகாசமாக. நான் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் என் வேலை போய்விடும்.

ராக்னா என் பக்கம் திரும்பினாள்.

“நான் ஒருத்தி மட்டும்தானா?”

பதினொரு வருடத்தில் ஒரு கேள்வித்தாள்கூட என்னிடம் இப்படி வாய்விட்டுக் கேட்டதில்லை.

“இல்லம்மா. உன் வகுப்புல மூணு பேர்.”

ஈவாரின் முகம் சுண்டிப்போனது. பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதுவேன் என்றார். தாராளமாக எழுதுங்கள் என்றேன்.

ராக்னா நாற்காலிமேல் ஏறி நின்றாள். மற்ற இரண்டு பேரை வரிசை வரிசையாகத் தேட ஆரம்பித்தாள்.